கால்குலேட்டர் நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொழுதுபோக்காகக் கணினியில் ஒரு கால்குலேட்டர் எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். எடுத்துக்காட்டுகள் பைத்தான் நிரல்மொழியை ஒட்டியவை. வேறு மொழியில் எழுதினாலும் சந்திக்கப்போகும் சிக்கல்கள் ஏறக்குறைய இவைதான்.

நிரல் எழுதக் கற்க ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது. இப்போதே கால்குலேட்டர் செய்ய முடியுமா?

முடியும். மாறி, நிபந்தனைக் கூற்று, மடக்கு, செயற்கூறு ஆகிய நான்கும் புரிந்திருந்தால் போதும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் செய்யும் முதல் பதிப்பை ஓரிரு மாலைப் பொழுதுகளில் எழுதிவிடலாம்.

கணக்குப் போடுவதைக் கணினி பார்த்துக்கொள்ளும். பயனர் எந்தப் பொத்தானுக்குப் பிறகு எதை அழுத்துவார், அப்போது திரையில் என்ன தெரிய வேண்டும் என்று யோசிப்பதே உங்கள் வேலை. இந்தச் சிறு நிரலின் கடினமும் சுவையும் அதில்தான் இருக்கின்றன.

எல்லாக் கணினியிலும் கால்குலேட்டர் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

மற்றவர்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். உங்களுக்குத் தேவை. முடிவு சரியா தவறா என்று நீங்களே சோதித்துக்கொள்ளக்கூடிய நிரல்கள் மிகச் சில. கால்குலேட்டர் அவற்றுள் ஒன்று. அளவில் சிறியது என்பதால் தொடங்கியதை முடித்துவிடவும் முடியும். அரைகுறையாக நிற்கும் பத்து முயற்சிகளைவிட, முழுதாக முடித்த ஒரு சிறு நிரல் அதிகம் கற்றுத் தரும்.

எந்த மொழியில் எழுதுவது நல்லது?

தெரிந்த மொழியில். ஒன்றும் தெரியாது என்றால் பைத்தானும், அதில் சாளரமும் பொத்தான்களும் அமைக்க உதவும் டிகிண்டரும் எளிய தொடக்கம். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போதே டிகிண்டரும் வந்துவிடும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். பொத்தானை இழுத்து வைத்துச் சாளரம் அமைக்க விரும்புபவர்களுக்குச் சி ஷார்ப் வசதியானது. மொழியைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு வாரத்தைக் கழிக்காதீர்கள்.

பொத்தான்களையெல்லாம் அழகாக வரைந்துவிட்டேன். இப்போது எந்தப் பொத்தானுக்குள் எந்தக் கணக்கை எழுதுவது?

எந்தப் பொத்தானுக்குள்ளும் எழுத வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: கணக்கிடும் பகுதி ஒரு கோப்பில், சாளரம் இன்னொரு கோப்பில். கணக்குப் பகுதிக்குத் திரை, பொத்தான், நிறம் எதுவும் தெரியக்கூடாது. '7 அழுத்தப்பட்டது', '+ அழுத்தப்பட்டது' என்ற செய்தியை அது வாங்கிக்கொள்ளும். திரையில் காட்ட வேண்டிய சரத்தை (எழுத்துத் தொடரை) திருப்பித் தரும். சாளரத்துக்குக் கணக்கு தெரியக்கூடாது. செய்தியைக் கடத்துவதும் வந்த சரத்தைக் காட்டுவதும் மட்டுமே அதன் பொறுப்பு.

இப்படிப் பிரிப்பதன் பயன் பிறகு தெரியும். சாளரத்தைத் திறக்காமலேயே கணக்குப் பகுதியைச் சோதிக்கலாம். நாளை வேறு தோற்றம் வேண்டுமென்றால் கணக்கைத் தொடாமல் மாற்றலாம். பொத்தான்களுக்குள் கணக்கைச் சிதறவிட்ட நிரலில் அடைப்புக்குறி சேர்க்க நினைத்தால், பெரும்பாலும் எல்லாவற்றையும் புதிதாக எழுதத்தான் நேரும்.

0 முதல் 9 வரை பொத்தான்களை மடக்கு போட்டு உருவாக்கினேன். எதை அழுத்தினாலும் 9தான் வருகிறது. ஏன்?

இது பைத்தானில் புதியவர்கள் எல்லோரையும் ஒருமுறை திகைக்கவைக்கும் இடம். மடக்குக்குள் நீங்கள் எழுதிய லாம்ப்டா (பெயரில்லாத சிறு செயற்கூறு), மாறியின் அன்றைய மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. மாறியையே நினைவில் வைத்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்தும் நேரத்தில்தான் அதன் மதிப்பைப் பார்க்கிறது. அதற்குள் மடக்கு முடிந்து, மாறி 9இல் நின்றிருக்கும்.

லாம்ப்டாவுக்கு ஓர் அளபுரு கொடுத்து, அதன் இயல்பு மதிப்பாக மடக்கின் மாறியை வைத்துவிடுங்கள். இயல்பு மதிப்பு லாம்ப்டா உருவாகும் நொடியிலேயே கணக்கில் எடுக்கப்படும் என்பதால் ஒவ்வொரு பொத்தானும் தன் எண்ணைத் தன்னிடமே வைத்திருக்கும்.

2 + 3 × 4 என்று அழுத்தினால் சில கால்குலேட்டர்கள் 20 என்கின்றன, சில 14 என்கின்றன. எது சரி?

இரண்டும் அதனதன் விதிப்படி சரி. 20 தரும் வகை, ஒவ்வொரு செயற்குறியை அழுத்தும்போதும் அதுவரை வந்ததைக் கணக்கிட்டு முடித்துவிடுகிறது: 2 + 3 உடனே 5 ஆகிறது, பிறகு 5 × 4. மேசைக் கால்குலேட்டர்கள் பல இப்படித்தான். 14 தரும் வகை முழுக் கோவையையும் (எண்களும் குறிகளும் சேர்ந்த வரியை) வாங்கிக்கொண்டு, பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்துக் கணக்கிடுகிறது. விண்டோஸ் கால்குலேட்டரில் இரண்டையும் பார்க்கலாம்: சாதாரண நிலையில் 20, அறிவியல் நிலையில் 14.

எந்த வகையைச் செய்யப்போகிறீர்கள் என்பதை முதல் வரியை எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். திரையில் ஓர் எண் மட்டும் தெரிகிறதென்றால் முதல் வகை போதும். முழுக் கோவையும் தெரிகிறதென்றால் 14தான் வர வேண்டும். 2 + 3 × 4 என்று எழுதிக் காட்டிவிட்டு 20 என்று சொல்லும் நிரலை யாரும் நம்பமாட்டார்கள். முதல் முயற்சிக்கு முதல் வகையையும் இரண்டாவது பதிப்புக்கு அடுத்ததையும் நான் பரிந்துரைப்பேன்.

முழுக் கோவையையும் சரமாக வாங்கிப் பைத்தானின் ஈவல் செயற்கூறிடம் கொடுத்தால் ஒரே வரியில் வேலை முடிகிறதே?

முடிகிறது, ஆனால் ஈவல் கணக்கை மட்டும் செய்வதில்லை. கொடுக்கப்பட்ட சரம் பைத்தானின் எந்தச் செயற்கூறை அழைத்தாலும் இயக்கிவிடும், கோப்புகளை அழிக்கும் செயற்கூறு உட்பட. உங்கள் கணினியில் நீங்கள் மட்டும் பயன்படுத்தும்போது ஆபத்து குறைவுதான். ஆனாலும் வெளியிலிருந்து வரும் சரத்தை ஈவலிடம் கொடுக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், ஆபத்தான இடத்திலும் கை அதையே எழுதும்.

பாதுகாப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது நல்ல கால்குலேட்டர் இல்லை. பைத்தானில் ^ குறி அடுக்கைக் குறிப்பதில்லை. 2^3 என்று கொடுத்தால் 8 வராது, 1 வரும். 05 + 3 என்று கொடுத்தால் முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்காகப் பிழை வரும். % குறி சதவீதத்தைத் தராது, மீதியைத் தரும். 9இன் 9ஆம் அடுக்கை மீண்டும் 9க்கு அடுக்காக வைத்தால் ஏறத்தாழ 37 கோடி இலக்கங்கள் கொண்ட முழு எண்ணைக் கணக்கிடப் புறப்பட்டு, சாளரம் உறைந்து நிற்கும். ஈவல் பைத்தானின் விதிகளைத்தான் பின்பற்றும். உங்கள் பயனர் எதிர்பார்ப்பதோ கணிதத்தின் விதிகளை.

அப்படியானால் முன்னுரிமையை நானே எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு படிகள். முதலில் சரத்தைத் துண்டுகளாகப் பிரியுங்கள்: எண், செயற்குறி, அடைப்புக்குறி. அடுத்தது, நெதர்லாந்துக் கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961இல் எழுதிவைத்த 'ஷண்டிங் யார்டு' வழிமுறை. அதற்கு ஒரு வெளியீட்டு வரிசையும் செயற்குறிகளுக்கான ஓர் அடுக்கமும் (கடைசியாக வைத்தது முதலில் வெளிவரும் பட்டியல்) வேண்டும். எண் வந்தால் நேராக வெளியீட்டுக்குப் போகும். செயற்குறி வந்தால், அடுக்கத்தின் உச்சியில் அதற்குச் சமமான அல்லது மேலான முன்னுரிமை உடைய குறிகள் இருக்கும்வரை அவற்றை வெளியீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் ஏறிக்கொள்ளும். திறக்கும் அடைப்புக்குறி அடுக்கத்தில் ஏறி நிற்கும். மூடும் குறி வந்ததும், திறந்த குறிவரை உள்ள அனைத்தும் வெளியேறும்.

2 + 3 × 4ஐத் தாளில் போட்டுப் பாருங்கள். 2 வெளியே, + அடுக்கத்தில், 3 வெளியே. × வரும்போது உச்சியில் இருக்கும் + தாழ்ந்தது என்பதால் × அதன்மேல் ஏறுகிறது. 4 வெளியே. கோவை முடிந்ததும் முதலில் ×, பிறகு + வெளியேறுகின்றன. கிடைப்பது 2 3 4 × +. இதை இடமிருந்து வலமாகப் படித்து, செயற்குறி வரும்போதெல்லாம் கடைசி இரண்டு எண்களை எடுத்துக் கணக்கிட்டால் முதலில் 12, பிறகு 14. இந்தக் குறியீட்டு முறையிலேயே நேரடியாக விசைகளை அழுத்தும் கால்குலேட்டர்களும் உண்டு; 1972இல் வந்த ஹெச்பி-35 அவற்றுள் புகழ்பெற்றது.

'சமமான' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால் 10 − 4 − 3 கணக்கில் 3க்குப் பதில் 9 வரும்.

சமக்குறியை இரண்டு முறை அழுத்தினால், செயற்குறியை மாற்றி அழுத்தினால் எல்லாம் குழம்புகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை எழுதிக்கொண்டே போக வேண்டுமா?

வேண்டாம், அப்படிப் போனால் முடிவே இராது. ஒரு தாளில் நிரலின் நிலைகளை எழுதுங்கள். ஓர் எண்ணால் தொடங்கும் எளிய கால்குலேட்டருக்கு ஐந்து போதும்: முதல் எண் உள்ளிடப்படுகிறது, செயற்குறி இப்போதுதான் அழுத்தப்பட்டது, இரண்டாம் எண் உள்ளிடப்படுகிறது, விடை காட்டப்பட்டிருக்கிறது, பிழை காட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் இலக்கம், புள்ளி, செயற்குறி, சமக்குறி, அழிப்பு ஆகியவை என்ன செய்யும் என்று கட்டம் போட்டு நிரப்புங்கள். அந்தக் கட்டத்தை அப்படியே நிரலாக எழுதிவிடலாம்.

நிரப்பும்போதே கேள்விகள் தாமாக எழும். செயற்குறிக்குப் பின் இன்னொரு செயற்குறி வந்தால், பழையதை மாற்றிப் புதியதை வையுங்கள். விடை காட்டும் நிலையில் இலக்கம் வந்தால் அது புதிய கணக்கு. செயற்குறி வந்தால் விடையிலிருந்து தொடர்ச்சி. சமக்குறியே மீண்டும் வந்தால், கடைசிச் செயலைத் திரும்பச் செய்வது வழக்கம்: 2 + 3 = 5, மீண்டும் அழுத்தினால் 8, பிறகு 11. ஓர் எண்ணில் இரண்டாவது புள்ளி வந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள். இப்போது உள்ளிட்டுக்கொண்டிருக்கும் எண்ணை மட்டும் அழிக்கும் பொத்தான் ஒன்று, எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான் இன்னொன்று. இரண்டும் தேவை. நீண்ட கூட்டலின் கடைசி எண்ணில் தவறிழைத்தவருக்கு அந்த வேறுபாடு பெரிது.

0.1 + 0.2 கொடுத்தால் 0.30000000000000004 வருகிறது. என் நிரலில் என்ன தவறு?

தவறு உங்கள் நிரலில் இல்லை. பெரும்பாலான மொழிகள் பின்ன எண்களை, 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரத்தின்படி 64 பிட் இரும வடிவில் வைக்கின்றன. பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்றை 0.333 என்று எழுதி முடிக்க முடியாததுபோல, இரண்டடிமானத்தில் பத்தில் ஒன்றை முடிக்க முடியாது. 53 பிட்டுகளில் வெட்டிச் சேமிக்கும்போது 0.1 என்பது உண்மையில் 0.1000000000000000055… ஆகிறது. 0.5, 0.25, 0.75 போன்றவை இரண்டின் அடுக்குகளால் ஆனவை என்பதால் சரியாக நிற்கும்.

பைத்தானின் டெசிமல் கூறு, ஜாவாவின் பிக்டெசிமல், சி ஷார்ப்பின் டெசிமல் வகை ஆகியவை பத்தடிமானத்திலேயே கணக்கிடும். கால்குலேட்டருக்கு அவையே பொருத்தம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: டெசிமலிடம் 0.1 என்ற எண்ணைக் கொடுத்தால் பிழையும் சேர்ந்தே உள்ளே போகும். மேற்கோளுக்குள் சரமாகக் கொடுங்கள். பயனர் அழுத்தியது தொடக்கத்திலிருந்தே சரம்தான். அதை நடுவில் ஃப்ளோட்டாக, அதாவது மேலே சொன்ன இரும வடிவ எண்ணாக, மாற்றாமல் இருந்தாலே போதும்.

டெசிமலுக்கு மாறிவிட்டேன். இனிப் பிழையே வராது அல்லவா?

1 ÷ 3 × 3 போட்டுப் பாருங்கள். பைத்தானின் டெசிமல் இயல்பாக 28 இலக்கங்களை வைத்துக்கொள்ளும் என்பதால் 0.9999… என்று 28 ஒன்பதுகள் வரும். இதே கணக்கு ஃப்ளோட்டில் 1 என்றே வந்துவிடுகிறது. எல்லைக்குட்பட்ட இலக்கங்களை வைத்துக்கொள்ளும் எந்த முறையிலும் ஏதேனும் ஓர் எண் வெட்டுப்படத்தான் செய்யும். அதனால் உள்ளே அதிக இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டு, திரையில் குறைவாகக் காட்டுங்கள். 28இல் கணக்கிட்டு 16க்கு முழுமையாக்கினால் திரையில் 1 தெரியும். காட்டுவதற்காக முழுமையாக்கிய எண்ணை அடுத்த கணக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னங்களாகவே வைத்துக்கொள்ளும் ஃபிராக்‌ஷன் கூறு 1/3ஐத் துல்லியமாக வைத்திருக்கும், ஆனால் √2ஐ வைக்க முடியாது. இதற்கும் அப்பால் போனவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு கால்குலேட்டரில் ஹான்ஸ் போம், கேட்கும் அளவுக்கு இலக்கங்களைக் கணக்கிட்டுத் தரும் மெய்யெண் கணக்கீட்டைக் கொண்டுவந்தார். 10¹⁰⁰ + 1 − 10¹⁰⁰ என்று கொடுத்தால் அது 1 என்கிறது. ஃப்ளோட்டும் 28 இலக்க டெசிமலும் 0 என்கின்றன. பொழுதுபோக்கு நிரலுக்கு அது தேவையில்லை. ஆனாலும் இப்படியும் செய்யலாம் என்று தெரிந்துகொள்வது மகிழ்ச்சி தரும்.

2.50 + 2.50 கொடுத்தால் 5.00 என்று வருகிறது. டெசிமலின் நார்மலைஸ் போட்டால் 100 என்பது 1E+2 (அதாவது 1 × 10²) ஆகிவிடுகிறது!

டெசிமல் பின்னால் வரும் பூஜ்யங்களையும் மதித்து வைத்துக்கொள்ளும். நார்மலைஸ் அவற்றையெல்லாம் உரித்துவிடும், முழு எண்ணில் இருப்பவற்றையும்கூட. காட்டுவதற்கென்று தனிச் செயற்கூறு எழுதுங்கள்: அடுக்குக் குறியீடு இல்லாத சரமாக மாற்றி, புள்ளி இருந்தால் மட்டும் கடைசிப் பூஜ்யங்களை நீக்கி, புள்ளி தனித்து நின்றால் அதையும் நீக்குங்கள். −0 வந்தால் 0 ஆக்குங்கள்.

பூஜ்யத்தால் வகுத்தால் நிரல் நின்றுவிடுகிறது.

பைத்தான் அங்கே விதிவிலக்கை எழுப்புகிறது. ஜாவாஸ்கிரிப்ட் முடிவிலி என்கிறது. இரண்டையும் பயனரிடம் அப்படியே காட்டாதீர்கள். கணக்குப் பகுதியில் பிடித்து, முன்பு சொன்ன ஐந்தாவது நிலைக்குப் போய், 'பூஜ்யத்தால் வகுக்க முடியாது' என்று தெளிவாக எழுதுங்கள். அழிப்புப் பொத்தானோ புதிய இலக்கமோ வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

சதவீதப் பொத்தான் என்ன செய்ய வேண்டும்? 200 + 10 % என்றால் 200.1ஆ, 220ஆ?

நூறால் வகுப்பது மட்டுமே வேலை என்றால் 200.1. மேசைக் கால்குலேட்டர் பழகியவர்கள் எதிர்பார்ப்பது 220, அதாவது 200உடன் அதன் பத்து சதவீதம். என் பரிந்துரை: முன்னால் + அல்லது − இருந்தால் இடப்பக்க மதிப்பின் சதவீதத்தை எடுங்கள், × அல்லது ÷ இருந்தால் நூறால் வகுங்கள். 200 × 10 % அப்போது 20 ஆகும். முழுக் கோவை காட்டும் வகையில் இது மயக்கம் தரும் என்பதால், அங்கே நூறால் வகுப்பதோடு நிறுத்துவதே நேர்மையானது.

−3² என்றால் 9ஆ −9ஆ?

கணித மரபில் −9, பைத்தானிலும் அப்படியே. எக்செல் 9 என்கிறது. 2^3^2க்கும் இதே கதை: மேலிருந்து கீழாகக் கணக்கிடும் கணித மரபில் 512, எக்செல்லில் 64. நீங்கள் மரபைப் பின்பற்றுங்கள். அடுக்குக் குறிக்கு மட்டும், ஷண்டிங் யார்டில் 'சமமான அல்லது மேலான' என்பதை 'மேலான' என்று மாற்றிவிட்டால் 512 வரும்.

கழித்தல் குறியையும் எதிர்க்குறியையும் பிரித்தறிய எளிய விதி உண்டு. கோவையின் தொடக்கத்திலோ, இன்னொரு செயற்குறிக்குப் பின்னோ, திறந்த அடைப்புக்குறிக்குப் பின்னோ வந்தால் அது எதிர்க்குறி. அதற்குத் தனிப் பெயர் கொடுத்து, அடுக்கைவிடத் தாழ்ந்த முன்னுரிமையில் வையுங்கள். அது ஓர் எண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ளும் குறி என்பதால், வரும்போது அடுக்கத்திலிருந்து எதையும் வெளியேற்றாமல் ஏறிக்கொள்ள வேண்டும்.

சைன் 180 பூஜ்யம்தானே? 1.22 பெருக்கல் பத்தின் −16ஆம் அடுக்கு என்று வருகிறது.

நூலகச் செயற்கூறுகள் பாகையில் அல்ல, ரேடியன் என்ற கோண அளவில் கணக்கிடுகின்றன. 180 பாகையை மாற்றும்போது பை முழுமையாகக் கிடைப்பதில்லை. பாகையிலேயே முதலில் 360ஆல் மீதி எடுத்து, 0, 30, 90, 180 போன்ற தெரிந்த கோணங்களுக்கு நேரடியாக விடை கொடுங்கள். டேன் 90க்கு மிகப் பெரிய ஓர் எண் வரும். அங்கே பிழைச் செய்தியே சரி.

தமிழ் எண்களில் உள்ளிட முடியுமா?

தாராளமாக. பைத்தான் ௦ முதல் ௯ வரையான தமிழ் இலக்கங்களைத் தானாகவே எண்ணாகப் புரிந்துகொள்ளும்: ௧௨ என்ற சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 12 கிடைக்கும். விடையைக் காட்டும்போது இலக்கத்துக்கு இலக்கம் மாற்றும் அட்டவணை ஒன்று போதும். ௰, ௱, ௲ ஆகிய பத்து, நூறு, ஆயிரக் குறிகளைப் பைத்தான் இலக்கமாக ஏற்காது. அவை இடமதிப்பு முறையைச் சேர்ந்தவை அல்ல. பழைய முறையில் எழுதப்பட்ட எண்களைப் படிக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு செயற்கூறு எழுத வேண்டும். அது தனியே அழகான சிறு வேலை.

விசைப்பலகையில் தட்டினால் சில விசைகள் வேலை செய்வதில்லை. நகலெடுத்து ஒட்டிய எண்களும் பிழை காட்டுகின்றன.

டிகிண்டரில் எண்பலகையின் என்டர் விசைக்குத் தனிப் பெயர் உண்டு. வழக்கமான என்டரையும் அதையும் தனித்தனியே இணைக்க வேண்டும். ஒட்டும் சரத்தில் ஆயிரம் பிரிக்கும் காற்புள்ளி, நீண்ட கழித்தல் குறி, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஆகியவை இருக்கக்கூடும். துண்டாக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சரியாக வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

கணக்குப் பகுதியைத் தனியாக வைத்ததன் பலன் இப்போதுதான். அழுத்தும் வரிசையும் எதிர்பார்க்கும் விடையும் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டுங்கள். இந்தப் பக்கத்தில் வந்த கணக்குகளே நல்ல தொடக்கம். கூடவே √4 − 2ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கால்குலேட்டர் பல ஆண்டுகள் அதற்குப் பூஜ்யம் தராமல் மிகச் சிறிய எதிர்ம எண்ணைக் காட்டி வந்தது, 2018இல்தான் திருத்தப்பட்டது. புதிய பிழை கண்டால் முதலில் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

பைத்தான் இல்லாத நண்பரின் கணினியில் ஓட வைப்பது எப்படி?

பைஇன்ஸ்டாலர் உங்கள் நிரலையும் பைத்தானையும் சேர்த்து ஓர் இயங்கு கோப்பாகக் கட்டித் தரும். சிறு நிரலுக்கு இவ்வளவு பெரிய கோப்பா என்று பலர் கேட்கிறார்கள். உள்ளே முழுப் பைத்தானும் இருப்பதே காரணம். விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸிலும் லினக்ஸுக்கானதை லினக்ஸிலும்தான் கட்ட முடியும். ஒரே கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் தற்காலிக இடத்தில் பிரித்துக்கொள்வதால் திறக்கச் சற்று நேரமாகும். சில வைரஸ் தடுப்பு நிரல்கள் இப்படிக் கட்டிய கோப்புகளைக் காரணமின்றிச் சந்தேகிப்பதுண்டு. அதனால் மூல நிரலையும் சேர்த்துக் கொடுங்கள்.

மூல நிரலை வெளியிடலாமா? இவ்வளவு சிறியதற்கு உரிமம் வேண்டுமா?

வெளியிடுங்கள், உரிமத்துடன். உரிமம் இல்லாமல் வைத்தால் பிறர் படிக்கலாமே தவிர, எடுத்து மாற்றிப் பயன்படுத்த அவர்களுக்குத் தெளிவான அனுமதி இல்லை. எம்ஐடி உரிமம் சுருக்கமானது, போதுமானது. மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சில் விண்டோஸ் கால்குலேட்டரின் சி++ மூல நிரலை அதே உரிமத்தில்தான் கிட்ஹப்பில் வெளியிட்டது. உங்களுடையதை எழுதி முடித்த பிறகு அதைத் திறந்து பாருங்கள். அதிலும் கணக்குப் பகுதி சாளரத்திலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருக்கிறது.